இறந்தோர்க்கு உரிய கடன்: ஆர்லிங்டன் தேசிய இடுகாடு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

இறந்தவர் உடலை முறைப்படி அடக்கஞ் செய்தல் மனித சமுதாயங்கள் அனைத்திலும் காணப்படும் கடமையாகும். அக்கடமை பொதுவாகச் சுற்றத்தாரைச் சார்ந்தது. மகன் தந்தைக்கும், தாய் பிள்ளைக்கும், கிளைஞர் கிளைஞர்க்கும் ஆற்றும் இறுதிக்கடன் அது. ஆயின், போரில் மாண்டவர் விடயத்தில் இவ்வொழுங்கு மாறிவிடுகின்றது. சுற்றத்தாரின் இடத்தில் அரசு வந்து நிற்கின்றது. உயிரோடிருந்தபோது ஒரு மனிதனின் உடலைத் தன் தேவைக்குப் பயன்படுத்திய அரசே, அவன் இறந்தபின் அவ்வுடலை ஏற்று, கல் நாட்டி, பெயர் பொறித்து, ஆண்டுதோறும் மலர் சாத்துகின்றது. இவ்வாறு செய்யும் உரிமை அரசுக்கு எங்கிருந்து வந்தது? இதனால் அரசு தான் பட்ட கடனைத் தீர்க்கின்றதா, அன்றித் தான் நடத்திய போரை நியாயப்படுத்துகின்றதா?

இவ்வினாக்களை வெறுங் கருத்து நிலையில் நின்று ஆராய்வதிலும், ஒரு குறிப்பிட்ட இடத்தின் வரலாற்றோடு பொருத்தி ஆராய்தல் பயனுடையது. ஐக்கிய அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனுக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில், வேர்ஜீனியா மாநிலத்தில் அமைந்துள்ள ஆர்லிங்டன் தேசிய இடுகாடு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 600 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தில் 4 இலட்சத்துக்கும் அதிகமானோர் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். வரிசை வரிசையாக நிற்கும் ஒரே அளவான வெண்கற்களைக் காண்போர், அஃது அமைதிக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உறைவிடம் என்றே எண்ணுவர். ஆனால், அதன் வரலாறோ பகையிலும், பழிவாங்கும் எண்ணத்திலும், அடிமை முறையிலும் வேர்கொண்டது. இம்முரண்பாடே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஆர்லிங்டன் நிலம் முதலில் ஓர் இடுகாடாக இருக்கவில்லை. அமெரிக்காவின் முதற் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனின் மனைவியின் பேரனும், அவரால் வளர்க்கப்பட்டவருமான ஜோர்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்ரிஸ் என்பவரின் பண்ணையாக அது விளங்கியது. 1802ஆம் ஆண்டளவில் அங்கே அவர் மாளிகை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். 1818இல் அது முற்றுப்பெற்றது. கிரேக்கக் கோயிலின் தூண்களை ஒத்த தூண்களோடு இன்றும் குன்றின்மேல் நிற்கும் அம்மாளிகையைக் கட்டியவர்களும், அதைச் சூழ்ந்த வயல்களில் உழைத்தவர்களும் அடிமைகளாவர். கஸ்ரிசின் மகள் மேரி 1831இல் றொபேட் ஈ. லீ என்னும் இளம் படை அதிகாரியை மணந்தார். 1857இல் கஸ்ரிஸ் இறந்தபோது, தம் அடிமைகள் ஐந்தாண்டுகளுக்குள் விடுதலை செய்யப்பட வேண்டும் என்று இறுதி முறியில் எழுதியிருந்தார். அதனை நிறைவேற்றும் பொறுப்பு மருமகனான லீயிடம் இருந்தது. அவரோ அவ்வைந்தாண்டு எல்லை வரை அவர்களை வைத்திருந்து, 1862ஆம் ஆண்டின் இறுதியிலேயே விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிட்டார்.

இதற்கிடையில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லீ, தாம் முப்பதாண்டுகளுக்கு மேலாகச் சேவையாற்றிய அமெரிக்கப் படையிலிருந்து விலகி, பிரிந்து சென்ற தென் மாநிலங்களின் பக்கம் சேர்ந்தார். விலகற் கடிதம் ஆர்லிங்டன் மாளிகையிலேயே எழுதப்பட்டது. அடுத்த மாதத்தில் வடக்குப் படைகள் ஆற்றைக் கடந்து அந்நிலத்தைக் கைப்பற்றின. கிளர்ச்சி நிகழும் பகுதிகளில் நில உடைமைக்கு வரி விதிக்கும் சட்டமொன்றை 1862இல் அமெரிக்கப் பேரவை நிறைவேற்றியது. ஆர்லிங்டனுக்கு விதிக்கப்பட்ட வரி 92 டொலரும் 7 சதமுமாகும். நோயுற்றிருந்த லீயின் மனைவி உறவினர் ஒருவர் வாயிலாக அதனைச் செலுத்த முயன்றார். உடைமையாளர் நேரில் வந்து செலுத்த வேண்டும் எனக் கூறி அதிகாரிகள் மறுத்தனர். எதிரியின் தளபதியினுடைய மனைவி போர்முனையைக் கடந்து நேரில் வருதல் எங்ஙனம் இயலும்? 1864 ஜனவரியில் அந்நிலம் ஏலத்தில் விடப்பட, அரசே 26,800 டொலருக்கு அதனை வாங்கிக்கொண்டது.

அவ்வாண்டு மே 13ஆம் திகதி, பென்சில்வேனியாவைச் சேர்ந்த வில்லியம் கிறிஸ்மன் என்னும் சாதாரணப் படைவீரர் அந்நிலத்தில் முதலாவதாக அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் படையிற் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. போர்முனையைக் காணுமுன்னரே நோயுற்று மருத்துவமனையில் இறந்தவர் அவர். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்லப் பணம் உடையோர் ஆர்லிங்டனுக்கு வரவில்லை. அந்த வசதியற்ற வறியோரே அங்கு வந்தனர். இன்று அங்கு இடம் பெறுதல் பெரும் பேறாகக் கருதப்படுகின்றது. தொடக்கத்திலோ அஃது ஏழையின் புதைகுழியாகவே இருந்தது. ஜூன் 15ஆம் திகதி அந்நிலம் முறைப்படி தேசிய இடுகாடாக அறிவிக்கப்பட்டது.

இவ்விடத்தைத் தெரிவு செய்தவர் படைத் தளபாடப் பகுதியின் தலைவரான மொன்கொமறி மெய்க்ஸ் ஆவார். தென் மாநிலத்தவரான இவர் வடக்கின் பக்கம் நின்றவர். நாட்டைக் கைவிட்ட லீ துரோகி என்பதில் இவருக்கு ஐயமிருக்கவில்லை. முதலிற் புதைக்கப்பட்டோர் மாளிகைக்குத் தொலைவில், நிலத்தின் எல்லையோரத்தில் அடக்கஞ் செய்யப்பட்டதை அறிந்த மெய்க்ஸ் சினமுற்றார். மாளிகையின் பூந்தோட்டத்தைச் சூழவே அதிகாரிகளின் உடல்களைப் புதைப்பித்தார். 1866இல் அத்தோட்டத்தின் அருகே பெரிய நிலவறை ஒன்று அமைக்கப்பட்டு, போர்க்களங்களிலிருந்து திரட்டப்பட்ட 2,111 அடையாளந் தெரியாத வீரரின் என்புகள் அதனுள் வைத்து மூடப்பட்டன. லீ குடும்பத்தினர் மீண்டும் அங்கு வந்து வாழ இயலாத நிலையை உருவாக்குதலே இதன் நோக்கமாகும். 1864 ஒக்ரோபரில் மெய்க்சின் மகனும் போரில் மாண்டு, பின்னர் அந்நிலத்திலேயே இடம்பெற்றான் என்பதையும் ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும். சினமும் துயரும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன.

இங்கு முதலாவது அறவியற் சிக்கல் எழுகின்றது. இறந்தவரின் உடலை எதிரியை வருத்தும் கருவியாகப் பயன்படுத்துதல் தகுமா? மனிதனைக் கருவியாகமட்டும் பயன்படுத்தலாகாது என்பது கான்ற் வகுத்த அறநெறி. இறந்தவர் இந்நெறியின் எல்லைக்குள் அடங்குவாரா என்பது விவாதத்துக்குரியது. அவர்க்கு நோவு இல்லை, விருப்பு வெறுப்பு இல்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆயினும், இறந்தவரது உடல் வெறும் பொருளன்று என்ற உணர்வினாலேயே அதற்கு மதிப்புச் செய்கின்றோம். மதிப்புக்குரியதாக இருப்பதனாலேயே அது வேலியாகவும் பயன்பட்டது. பிணங்கள் வெறும் பொருள்களாயின் அவற்றை அகற்றிவிட்டு லீ குடும்பத்தினர் குடியேறியிருப்பர். அகற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையே மெய்க்சின் திட்டத்துக்கு அடித்தளமாயிற்று. எனவே, பகைவரும் தம் பிணங்களை மதிப்பர் என்னும் உறுதிப்பாடு அப்பழிவாங்கலின் உள்ளேயே மறைந்து கிடந்தது எனலாம்.

இனி, பிழையான தோற்றமுடைய ஒன்று பின்னர் புனிதமாதல் கூடுமா என்ற வினா எழுகின்றது. இதற்கு அமெரிக்க நீதிமன்றம் அளித்த விடை கருதத்தக்கது. லீயின் மூத்த மகன் கஸ்ரிஸ் லீ, தம் குடும்பத்தின் நிலம் முறைகேடாகப் பறிக்கப்பட்டது என வழக்குத் தொடுத்தார். 1882 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், ஐந்து நீதியரசர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அரசின் கையில் இருக்கின்றது என்ற காரணத்தினால்மட்டும் ஓர் உடைமை சட்டத்தின் பார்வையிலிருந்து தப்பிவிடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். போரில் வென்ற அரசு, தோற்ற தளபதியின் மகனுக்கு முன்னால், தன் சொந்த நீதிமன்றத்திலேயே தோற்றது. அப்போது அந்நிலத்தில் பல்லாயிரங் கல்லறைகள் இருந்தன. அவை அனைத்தையும் தோண்டி அகற்றும்படி கேட்கக் கஸ்ரிஸ் லீக்கு உரிமை இருந்தது. அவர் அதனைக் கேட்கவில்லை. 1883இல் 1,50,000 டொலரைப் பெற்றுக்கொண்டு நிலத்தை அரசுக்கே விற்றார். உரிமைப் பத்திரத்தை அரசின் சார்பில் ஏற்ற போர் அமைச்சர், ஆபிரகாம் லிங்கனின் மகனான றொபேட் லிங்கன் ஆவார்.

இந்நிகழ்ச்சி காட்டும் உண்மை யாது? காலம் கடந்துவிட்டது என்பதனால் பிழை சரியாகிவிடுவதில்லை. பிழை பிழையென ஒப்புக்கொள்ளப்பட்டு, அதற்குரிய ஈடு வழங்கப்பட்ட பின்னரே அந்நிலம் உண்மையில் தேசத்தின் நிலமாயிற்று. 1864இல் வலிமையினால் பெற்றதை 1883இல் இசைவினால் பெற்றார்கள். இறந்தோர்க்கு மதிப்புச் செய்யும் இடம் உயிரோடிருப்பவர்க்கு இழைத்த அநீதியின்மேல் நிற்பதாயின், அம்மதிப்பு முழுமையுறாது. தன் தவற்றை ஏற்றுக்கொள்ளும் அரசே தன் வீரர்க்குச் சிறப்புச் செய்யும் தகுதியைப் பெறுகின்றது.

ஆயினும், அந்நிலத்தில் இழைக்கப்பட்ட அநீதி லீ குடும்பத்தினர்க்கு இழைக்கப்பட்டதுமட்டுமன்று. அவர்க்கு முன்னரே அங்கு அநீதிக்கு உள்ளானோர் இருந்தனர். அவர்கள் எந்த நீதிமன்றத்துக்கும் செல்லவில்லை. செல்லவும் இயலவில்லை. 1863இல், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தோர்க்காக ஆர்லிங்டனில் ஒரு குடியிருப்பு நிறுவப்பட்டது. வீடுகளும், பாடசாலையும், மருத்துவமனையும் கொண்டிருந்த அக்குடியிருப்பு 1900இல் முற்றாக மூடப்பட்டு, மக்கள் வெளியேற்றப்பட்டனர். அக்காலத்தில் இறந்த விடுதலை பெற்ற மக்கள் 3,800 பேர் வரையில் இடுகாட்டின் 27ஆம் பகுதியில் புதைக்கப்பட்டுள்ளனர். முதற் படைவீரரான கிறிஸ்மன் கிடப்பதும் அப்பகுதியிலேயே. அம்மக்களின் கற்களிற் பொறிக்கப்பட்ட சொல் ‘குடிமகன்’ அல்லது ‘குடியியலாளர்’ என்பதாகும். வாழ்நாளின் பெரும்பகுதியில் குடிமக்கள் என்ற தகுதியே மறுக்கப்பட்டிருந்தவர்க்குக் கல்லறையில் அப்பெயர் கிடைத்தது. இதனைப் பேறு என்பதா, எள்ளல் என்பதா?

அதே நிலத்தில் கஸ்ரிசின் அடிமையாகப் பிறந்தவர் ஜேம்ஸ் பார்க்ஸ். இடுகாட்டின் முதற் குழிகளைத் தோண்டியோருள் அவரும் ஒருவர். பல்லாண்டுகள் அங்கேயே பணிபுரிந்து, 1929இல் இறந்தபோது, சிறப்பு அனுமதியோடு படைமரியாதையுடன் அங்கே அடக்கஞ் செய்யப்பட்டார். ஆர்லிங்டனிற் பிறந்து ஆர்லிங்டனிலேயே அடக்கம் பெற்றவர் அவர் ஒருவரே எனக் கூறப்படுகின்றது. அந்நிலத்தைத் தமது என்று கூறும் உரிமை கஸ்ரிசுக்கோ, லீக்கோ, அரசுக்கோ இருந்ததிலும் பார்க்கப் பார்க்சுக்கே மிகுதியாக இருந்தது என்று எவரேனும் கூறின், அதனை மறுத்தல் எளிதன்று.

இறப்பு யாவரையும் சமமாக்கும் என்பது பழமொழி போல வழங்கும் கூற்று. அரசனும் ஆண்டியும் ஒரு பிடி சாம்பல் என்று அறநூலோர் கூறுவர். ஆர்லிங்டனின் வரலாறு இக்கூற்றை ஐயுற வைக்கின்றது. உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்று பொருத கறுப்பின வீரர்கள் தனிப் பகுதியில் புதைக்கப்பட்டனர். கற்களில் அவர்கள் கறுப்பினப் படையினர் என்பதைக் குறிக்கும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டன. 1948இல் சனாதிபதி ட்றூமன் படைகளில் இனப் பிரிவினையை நீக்கும் ஆணையைப் பிறப்பிக்கும் வரை இடுகாட்டிலும் அப்பிரிவினை நிலவியது. இறப்பு மனிதரைச் சமமாக்கியது உண்மையே. புதைத்தவரோ அவர்களை மீண்டும் பிரித்தனர். சமத்துவம் இயற்கையால் வருவதன்று. அது மனிதர் தெரிந்து செய்யும் ஓர் அறச்செயல். குழிக்கும் அது பொருந்தும்.

இருப்பினும், அதே இடுகாடு பிற்காலத்தில் பிறர் மறுத்த சமத்துவத்தை வழங்கும் இடமாகவும் மாறியது. இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்சில் மாண்ட பீலிக்ஸ் லொங்கோரியா என்னும் மெக்சிக்க வழிவந்த வீரரின் உடல் 1949இல் தாயகம் வந்தது. ரெக்சாஸ் மாநிலத்திலுள்ள அவரது ஊரில், வெள்ளையர் விரும்பமாட்டார் என்ற காரணத்தால், ஈமச்சடங்கு மண்டபம் மறுக்கப்பட்டது. அவர் ஆர்லிங்டனில் அடக்கஞ் செய்யப்பட்டார். கொரியப் போரில் மாண்ட ஜோன் றைஸ் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். 1951இல் அயோவா மாநிலத்தில் அவரது அடக்கச் சடங்கு நடந்து முடிந்த வேளையில், அவ்விடுகாடு வெள்ளையர்க்குமட்டுமே உரியது எனக் கூறி உடலைக் குழியில் இறக்கவிடாது தடுத்தனர். செய்தியறிந்த ட்றூமன் ஆர்லிங்டனில் அவருக்கு இடமளித்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் வைத்து அரசின் பெருந்தன்மையைப் போற்றுவாரும் உளர். அப்போற்றுதலில் ஓரளவு உண்மையுண்டு. ஆயின், ஆழ்ந்து நோக்கின் ஒரு கசப்பான உண்மையும் புலப்படும். நாட்டுக்காக இறந்ததனாலேயே றைசுக்கு அவ்விடம் கிடைத்தது. இறவாது திரும்பியிருப்பின், அதே ஊரில் அவர் எத்தகைய மதிப்போடு வாழ்ந்திருப்பார்? இறந்தவர்க்கு எளிதில் வழங்கப்படும் சமத்துவம், உயிரோடிருப்பவர்க்கு மறுக்கப்படும் சமத்துவத்தை மூடிமறைக்கும் திரையாகக் கூடாது. ஆர்லிங்டனின் கல்லொன்று அயோவாவின் அநீதிக்கு மாற்றாகாது. எனினும், அக்கல் அவ்வநீதியை வெளிப்படுத்தியது. மறுக்கப்பட்ட ஒருவரை ஏற்றதன் மூலம் மறுத்தவரை அது நாணச் செய்தது. இறந்தவர்க்குச் செய்யும் மதிப்பு வாழ்வோரின் மனச்சாட்சியைத் தொடுமாயின், அப்போதே அதற்கு அறப்பயன் உண்டாகின்றது.

அடுத்து நோக்கத்தக்கது எதிரியின் பிணம் பற்றிய வினா. இவ்வினாவை உலக இலக்கியத்தில் மிகக் கூர்மையாக எழுப்பியவர் கிரேக்க நாடகாசிரியரான சொபோக்கிளிஸ் ஆவார். நாட்டைத் தாக்கிய பொலினைசீசின் உடலைப் புதைக்கலாகாது என மன்னன் கிரெயோன் ஆணையிட, அவனது தங்கை அன்ரிகனி அவ்வாணையை மீறுகின்றாள். நகரத்தின் சட்டம் பெரிதா, இறந்தார்க்குரிய கடன் பெரிதா என்பதே அங்கு எழும் போராட்டம். மகாபாரதமும் இதற்கு விடை கூறுகின்றது. பாரதப் போர் முடிந்தபின் தருமன், இரு பக்கத்திலும் மாண்டவர்க்கும், சுற்றத்தார் அற்றவர்க்கும் ஈமக்கடன் செய்விக்கின்றான். அவ்வேளையிலேயே, கன்னனுக்கும் நீர்க்கடன் ஆற்றும்படி கூறும் குந்தி, அவன் தருமனின் மூத்த தமையன் என்ற உண்மையை வெளியிடுகின்றாள். பகைவன் எனக் கருதிக் கொல்லப்பட்டவன் உடன்பிறந்தான் என்பது இறுதிக்கடனின்போதே தெரியவருகின்றது. உள்நாட்டுப் போர் யாவற்றுக்கும் பொருந்தும் உண்மை இது.

ஆர்லிங்டனில் போர்க்காலத்திலேயே தென்னகப் படைவீரர் சிலரும் புதைக்கப்பட்டிருந்தனர். ஆயின், 1868இல் போரில் மாண்டோர்க்கு மலர் சாத்தும் நாள் முதன்முதலாக நாடளாவிய முறையில் கடைப்பிடிக்கப்பட்டபோது, அச்சிறப்பு வடக்கின் வீரர்க்கே உரியதாயிருந்தது. முப்பதாண்டுகள் கழிந்த பின்னரே, 1900இல், தென்னகப் படைவீரர்க்கெனத் தனிப் பகுதி ஒதுக்கப் பேரவை இசைந்தது. இதுவரை குறை கூற ஏதுமில்லை. தோற்றவன் உடலுக்கும் மண் உண்டு என்பதை வென்றவன் ஏற்றுக்கொள்ளுதல் நாகரிகத்தின் அடையாளம். ஆனால், 1914இல் அப்பகுதியின் நடுவே எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் வேறொரு வகையினது. அதிலுள்ள சிற்பங்களில், வெள்ளை அதிகாரியின் குழந்தையை ஏந்திநிற்கும் கறுப்பினப் பெண்ணும், தன் எசமானைப் பின்தொடர்ந்து போருக்குச் செல்லும் அடிமையும் இடம்பெற்றனர். அடிமை முறையை அன்பின் உறவாகக் காட்டிய சிற்பம் அது. 27ஆம் பகுதியில் 3,800 பேர் கிடக்கும் அதே நிலத்தில் அது நின்றது.

2023 டிசம்பரில் அச்சின்னம் அகற்றப்பட்டது. அதனைச் சூழ்ந்த கல்லறைகள் தொடப்படவில்லை. 2025இல் அதனை மீண்டும் நிறுவப்போவதாக அமெரிக்க அரசின் பாதுகாப்புத் துறை அறிவித்தது. இவ்விவாதத்திலிருந்து பெறத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. கல்லறை இறந்தவர்க்குரியது. நினைவுச் சின்னமோ வாழ்வோர்க்குரியது. கல்லறை ‘இவர் இங்கே கிடக்கின்றார்’ என்று கூறுகின்றது. நினைவுச் சின்னம் ‘இவர் செய்தது சரி’ என்று கூற முற்படுகின்றது. முன்னையதை எவரிடமிருந்தும் பறித்தல் தகாது. பின்னையதை ஆராய்ந்து ஏற்கவும் மறுக்கவும் ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிமையுண்டு. ஒருவன் பொருத போர் பிழையானது என்று கருதுவோரும் அவனது தாய் அவன் குழியில் ஒரு பூ வைப்பதைத் தடுத்தல் ஆகாது. அதுபோலவே, அத்தாயின் கண்ணீரைக் காட்டி அப்போரின் நோக்கத்தைத் தூய்மைப்படுத்துதலும் ஆகாது. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியாத சமுதாயம், ஒன்றில் பகைவரின் கல்லறைகளை அழிக்கும். அல்லது தன் கல்லறைகளைக் கொண்டு தன் பிழைகளை மறைக்கும்.

இறுதியாக, பெயரற்றவர் பற்றிய வினா. 1921ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போரில் மாண்டு அடையாளந் தெரியாது கிடந்த நால்வரின் உடல்கள் பிரான்சிலுள்ள நான்கு அமெரிக்க இடுகாடுகளிலிருந்து எடுத்துவரப்பட்டன. ஒரே வகையான நான்கு பேழைகளுள் ஒன்றின்மீது சாதாரணப் படைவீரர் ஒருவர் வெண்ரோசா மலர்களை வைத்துத் தெரிவு செய்தார். அவ்வுடல் நவம்பர் 11ஆம் திகதி ஆர்லிங்டனில் அடக்கஞ் செய்யப்பட்டது. 1937 முதல் இரவும் பகலும் இடையறாது அதற்குக் காவல் நிற்கின்றனர். 1958இல் இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் மாண்ட பெயரறியாதார் இருவர் அதனருகே வைக்கப்பட்டனர். பெயரற்ற ஒருவன் எல்லோர்க்கும் உரியவனாகின்றான். மகன் திரும்பாத ஒவ்வொரு தாயும் ‘அவன் என் பிள்ளையாயிருக்கலாம்’ என்று எண்ணுதற்கு அக்கல்லறை இடமளிக்கின்றது. அதன் ஆற்றல் அதுவே.

ஆனால், இவ்வாற்றலே ஓர் அறவழுவுக்கும் காரணமாயிற்று. 1984இல் வியட்நாம் போரில் மாண்ட பெயரறியாதார் ஒருவர் அங்கு அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் யாரென அறிய உதவக்கூடிய சான்றுகள் சில முன்னரே இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. குடும்பத்தினரின் வேண்டுகோளின்பேரில் 1998இல் கல்லறை திறக்கப்பட்டு, மரபணுச் சோதனை நடத்தப்பட்டது. அவர் 1972இல் வீழ்த்தப்பட்ட விமானமொன்றின் ஓட்டியான மைக்கல் பிளாசி என்பது உறுதியாயிற்று. உடல் சென் லூயிஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சொந்தப் பெயருடன் அடக்கம் பெற்றது. தேசத்துக்கு ஒரு பெயரற்றவன் தேவைப்பட்டான். குடும்பத்துக்குத் தன் மகன் தேவைப்பட்டான். இவ்விரு தேவைகளும் மோதும்போது எதற்கு முதன்மை? ஐயத்துக்கு இடமின்றிக் குடும்பத்தின் தேவைக்கே. ஒரு மனிதனுக்குப் பெயர் உண்டெனின், எத்துணை உயர்ந்த குறியீட்டுக்காகவும் அப்பெயரை அவனிடமிருந்து பறித்தல் அறமாகாது. உயிரைக் கொடுத்தவனிடம் பெயரையும் கேட்பது அரசுக்குத் தகாது. இவ்வுண்மையை ஆர்லிங்டன் மற்றொரு முறையும் கற்க நேர்ந்தது. 2010இல் நடந்த விசாரணையொன்றில், அங்கு கல்லறைகள் பல தவறாகக் குறிக்கப்பட்டிருந்தமை வெளிவந்து, நிருவாகப் பொறுப்பாளர் மாற்றப்பட்டனர். அணிவகுப்பும் வேட்டொலியும் குறைவின்றி நடந்த இடத்தில், எவர் எங்கே கிடக்கின்றார் என்னும் எளிய கடமை தவறியிருந்தது.

பிளாசியின் உடல் எடுக்கப்பட்ட குழியில் வேறெவரும் வைக்கப்படவில்லை. காணாமற்போன வியட்நாம் போர்க்கால வீரரை நினைவுகூரும் பொருட்டு அது வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஏதென்ஸ் நகரத்தார், போரில் மாண்டோர்க்குப் பொது ஈமச்சடங்கு நடத்தியபோது, உடல் கிடைக்காதோர்க்கென வெறும் பாடை ஒன்றையும் சுமந்து சென்றனர் எனத் துசிடிடீஸ் எழுதியுள்ளார். அப்பாடையும் இக்குழியும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. உடல் இல்லாதவிடத்தும் கடன் உண்டு. காணாமற்போனவரைக் காணாமற்போனவர் என்றேனும் ஒப்புக்கொள்ளுதல் அக்கடனின் முதற்படியாகும்.

இவ்வளவும் கூறிய பின்னரும் ஒரு தடை எஞ்சிநிற்கின்றது. அழகிய இடுகாடுகள் அடுத்த போருக்கு இளைஞரை அழைக்கும் வாயில்களன்றோ? இத்தடை வலுவானதே. மரணத்தை அழகுபடுத்தும் எதுவும் கொலையை எளிதாக்கும் இயல்புடையது. ஆயினும், இதற்கு மாற்றாகக் கூறத்தக்கது யாது? இறந்தவரைக் குறியற்ற குழிகளில் மறைத்தலா? அவ்வாறு மறைக்கும் அரசுக்குப் போர் இன்னும் எளிதாகும். செலவைக் காட்டாத வணிகனுக்குக் கணக்கு எளிதாதல் போல. வரிசை வரிசையாக நிற்கும் கற்கள் போரின் கணக்கேடாகவும் அமையலாம். அவை எதைக் கூறுகின்றன என்பது அவற்றின்முன் நிற்போர் எதைக் கேட்க விரும்புகின்றனர் என்பதைப் பொறுத்தது. அக்கணக்கு உண்மையாயிருக்க வேண்டுமாயின், அதில் எவரது பெயரும் விடுபடலாகாது என்பதே இன்றியமையாத நிபந்தனை.

ஆகவே, இறந்தோர்க்குச் செய்யும் மதிப்பு அவர் பொருத போருக்குச் செய்யும் மதிப்பன்று. அஃது அவர் மனிதர் என்பதற்குச் செய்யும் மதிப்பு. அதனாலேயே அது பகைவனுக்கும், அடிமைக்கும், வறியவனுக்கும், பெயரறியாதவனுக்கும், உடல் கிடைக்காதவனுக்கும் உரியதாகின்றது. ஆர்லிங்டன் இவ்வுண்மையை ஒரே நாளில் உணர்ந்துகொள்ளவில்லை. பழிவாங்குதலில் தொடங்கி, நீதிமன்றத்தில் தோற்று, பிரித்துப் புதைத்து, பின்னர் சேர்த்துப் புதைத்து, மூடிய கல்லறையைத் திறந்து பெயரைத் திருப்பிக் கொடுத்து, நூற்றறுபது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக அது கற்றுவருகின்றது. கற்றல் இன்னும் முடியவில்லை. ஒரு நாடு தன் இறந்தோரை எவ்வாறு நடத்துகின்றது என்பதைக் கொண்டு அதன் பண்பாட்டை அளக்கலாம் என்பர். அவ்வளவுகோலில் ஒரு திருத்தம் வேண்டும். தன் இறந்தோரை மதித்தல் எந்நாட்டுக்கும் எளிது. மற்றவரின் இறந்தோரை அது எவ்வாறு நடத்துகின்றது என்பதே உண்மையான அளவுகோலாகும்.